பெட்டி நேராக இருக்கட்டும்

சமையலறை மேடைக்கு அடியில் நிற்கும் சாதாரணக் கதவு வைத்த கீழ்ப்பெட்டி ஒன்றை, கட்டடங்களைக் கணினியில் வரைய உதவும் ரெவிட் மென்பொருளில் நான் இதுவரை மூன்று முறை அடியிலிருந்து கட்டியிருக்கிறேன். முதல் பெட்டியில் 64 அளவுருக்கள், அதாவது மதிப்பை மாற்றக்கூடிய பெயரிட்ட அளவுகள், இருந்தன. இப்போது பயன்படுத்தும் பெட்டியில், கையால் மாற்றுவதற்கென்று திறந்து வைத்திருப்பவை 9 மட்டுமே. கோயம்புத்தூரில் வீடுகளுக்கு உட்புற மரவேலை செய்துகொடுக்கும் ஒரு சிறு அலுவலகத்தில் வரைபடம் போடுவது என் வேலை. எங்கள் பெட்டிகளில் ஏறத்தாழப் பாதி, கணினியால் இயங்கும் வெட்டு இயந்திரம் வைத்திருக்கும் பட்டறையில் தயாராகின்றன. மீதியை ஆசாரிமார் வாடிக்கையாளரின் வீட்டிலேயே இருந்து செய்கிறார்கள். என் கோப்பு இந்த இருவருக்கும் பதில் சொல்லவேண்டும் என்பதுதான் எல்லாச் சிக்கலுக்கும் தொடக்கம்.

ரெவிட்டில் திரும்பத் திரும்பப் பயன்படும் கூறு ஒவ்வொன்றையும் ஃபேமிலி என்று அழைப்பார்கள். கதவு, சன்னல், அலமாரி எல்லாம் ஃபேமிலிகள்தாம். ஒரு ஃபேமிலிக்குள் வடிவத்தை வரைவதோடு வேலை முடிவதில்லை. அந்த வடிவத்தின் எந்த அளவு மாறினால் எந்த அளவு தானாக மாறவேண்டும் என்ற உறவையும் சேர்த்தே எழுதவேண்டும். இந்தச் சிந்தனை ரெவிட்டுக்கு மிகவும் மூத்தது. 1963இல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் உருவாக்கிய ஸ்கெட்ச்பேட், இரண்டு கோடுகள் இணையாக இருக்கவேண்டும் என்று ஒரு முறை சொல்லிவிட்டால் அதை நினைவில் வைத்துக்கொண்டது. இயந்திர வடிவமைப்பில் அதே சிந்தனையைப் பரவலாக்கிய ப்ரோ-எஞ்சினியர் 1980களின் கடைசியில் வந்தது. அதைச் செய்த நிறுவனத்திலிருந்து வெளியேறிய லியோனிட் ரைஸும் இர்வின் யுங்ரைஸும்தான் 1997இல் தனி நிறுவனம் தொடங்கி, கட்டடங்களுக்கான ரெவிட்டை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். 2002இல் ஆட்டோடெஸ்க் என்ற மென்பொருள் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. ஆகவே ரெவிட்டின் ஃபேமிலி எடிட்டருக்குள் உட்காரும்போது, கட்டடக் கலைஞரின் மேசையை விட இயந்திரப் பொறியாளரின் மேசைக்கு அருகில் உட்கார்ந்திருப்பதாகவே எனக்குத் தோன்றும்.

முதல் பெட்டியை நான் தவறாகக் கட்டியதற்குக் காரணம் அறியாமை என்பதைவிட ஆர்வம் என்பதே பொருந்தும். அளவுரு வைக்க முடிந்த இடத்திலெல்லாம் வைத்தேன். பக்கப்பலகையின் கனம், கீழ்ப்பலகையின் கனம், தட்டின் கனம், பின்பலகையின் கனம், கைப்பிடியின் உயரம், கீல் துளையின் விட்டம் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக நிரப்பவேண்டிய கட்டங்களாயின. அலுவலகத்தில் வேறொருவர் அதைத் திறந்து அகலத்தை மாற்றியபோது, எதை நிரப்புவது, எதைத் தொடாமல் விடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கீழ்ப்பலகையின் கனத்தை மட்டும் 25 மி.மீ. ஆக்கி, பக்கப்பலகையை 18இலேயே விட்டுவிட்டார். படம் அழகாகத்தான் வந்தது. அப்படி ஒரு பெட்டியை யாரும் செய்யமாட்டார்கள் என்பது படத்தில் தெரியாது.

அந்த முதல் பெட்டியில் இன்னும் இரண்டு பிழைகள் இருந்தன. பாடங்களில் முதலில் சொல்லித்தரப்படும் முறைப்படி, நடுக்கோட்டை மையமாக வைத்து அகலம் இருபுறமும் சமமாக விரியும்படி கட்டியிருந்தேன். மேசைக்கும் சன்னலுக்கும் அது சரி. சமையலறையிலோ பெட்டிகள் ஒரு மூலையிலிருந்து தொடங்கி வரிசையாக ஒட்டி நிற்பவை. ஒன்றை 450இலிருந்து 600 ஆக்கினால், அது வலப்பக்கம் 75 மி.மீ. நகர்ந்து, இடப்பக்கத்துப் பெட்டிக்குள்ளும் 75 மி.மீ. நுழைந்துவிடும். இரண்டாவது பிழை, ஃபேமிலியின் வகையை மரச்சாமான் என்று தேர்ந்தெடுத்தது. மரச்சாமான் வகையில் இருந்தவரை, தரையிலிருந்து 1450 மி.மீ. உயரத்தில் தொங்கும் மேல்பெட்டிகள் தளவரைபடத்தில் தெரியவே இல்லை. தளவரைபடம் என்பது சுமார் 1200 மி.மீ. உயரத்தில் கட்டடத்தைக் குறுக்கே வெட்டி மேலிருந்து பார்ப்பது. வெட்டுக்கு மேலே இருப்பவற்றை ரெவிட் காட்டுவதில்லை. சன்னல், பெட்டி வேலைப்பாடு, பொதுவடிவம் ஆகிய மூன்று வகைகளுக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. வகையைப் பெட்டி வேலைப்பாடு என்று மாற்றியதும் மேல்பெட்டிகள் வந்துவிட்டன. இரண்டு நாள் தேடியதற்கு விடை ஒரு சொடுக்கில் இருந்தது.

இரண்டாம் முறை கட்டியபோது, பலகைகளை வரைவதற்கு முன் எலும்புக்கூட்டைப் போட்டேன். ரெஃபரன்ஸ் பிளேன் என்னும் கண்ணுக்குத் தெரியாத தளங்களே அந்த எலும்புகள். இடது, வலது, பின், முன், அடி, மேல் என்று ஆறு தளங்களுக்கும் பெயர் வைத்து, இடமும் பின்னும் சந்திக்கும் மூலையைத் தொடக்கப்புள்ளியாக்கினேன். அளவுக்கோடுகள் இந்தத் தளங்களுக்கிடையே மட்டும் ஓடும். அளவுருவின் பெயர் அந்த அளவுக்கோட்டில் ஒட்டப்படும். பலகைகள் தளங்களோடு பூட்டப்படும். ஒரு பலகையை இன்னொரு பலகையோடு பூட்டக்கூடாது என்ற விதியை நானே எனக்கு விதித்துக்கொண்டேன், ஏனெனில் அப்படிப் பூட்டினால் நடுவில் ஒரு பலகையை நீக்கும்போது அதன்மேல் சாய்ந்திருந்தவை எல்லாம் சரிந்துவிடுகின்றன. வெளித்தளங்கள் ஆறும் திட்டத்துக்குள் போனபிறகு அளவெடுக்கவும் ஒட்டவும் கிடைக்கும்படி வலுவான குறிப்புத்தளங்களாக இருக்கின்றன. உள்ளே இருக்கும் துணைத்தளங்கள் வெளியில் தெரியாதபடி மறைக்கப்பட்டுள்ளன. கட்டிமுடித்தபின் 150 முதல் 1200 மி.மீ. வரை அகலத்தை மாற்றி மாற்றி ஆட்டிப்பார்ப்பேன். 150இல் எண்ணெய்ப் போத்தல்கள் வைக்கும் குறுகிய இழுப்பு மட்டுமே நிற்கும். அங்கேதான் பெரும்பாலான பெட்டிகள் உடையும். ஏதாவது ஓர் அளவு பூஜ்யத்துக்கோ அதற்குக் கீழோ போனதும், கட்டுப்பாடுகள் நிறைவேறவில்லை என்று ரெவிட் சொல்லிவிடும்.

சூத்திரங்கள் எழுதுவது எனக்குப் பிடித்த பகுதி. கதவுகளுக்கிடையே 3 மி.மீ. இடைவெளி என்று வைத்துக்கொண்டால், ஒரு கதவின் அகலம், பெட்டியின் அகலத்தைக் கதவுகளின் எண்ணிக்கையால் வகுத்து 3 கழித்தது. 600க்கு இரண்டு கதவுகள் என்றால் ஒவ்வொன்றும் 297. 450க்கு ஒரு கதவு என்றால் 447. பெட்டியின் உள்ளகலம், வெளியகலத்திலிருந்து பலகையின் கனத்தை இரண்டு முறை கழித்தது. டெலஸ்கோப் சானல் என்னும் நீண்டு மடங்கும் ஓடுதடம் வைத்த டிராயருக்கு அதிலிருந்து பக்கத்துக்கு 13 வீதம் இன்னொரு 26 போகும். ஆக 600 மி.மீ. பெட்டியில் 18 மி.மீ. பலகை போட்டால் டிராயரின் வெளியகலம் 538. சானல்கள் 50 மி.மீ. படிகளில் கிடைப்பதால், உள்ளாழத்தை 50ஆல் வகுத்துக் கீழ்நோக்கி முழுமையாக்கி மறுபடி 50ஆல் பெருக்கவேண்டும்: 530 ஆழத்துக்கு 500 நீளச் சானல். இதை எழுதும்போது வகுக்கும் 50க்கும் பெருக்கும் 50க்கும் மி.மீ. என்ற அலகு வைக்காவிட்டால் அலகுகள் பொருந்தவில்லை என்று மென்பொருள் மறுத்துவிடும். பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் அரை மதிப்பெண் குறைப்பாரே, அதே காரணம்தான். பெரியது அல்லது சமம் என்ற குறியும் சூத்திரத்தில் கிடையாது. சிறியது அல்ல என்று சுற்றிவளைத்து எழுதவேண்டும்.

இந்த வசதி ஒரு மயக்கத்தையும் தந்தது. அகலம் 500ஐத் தாண்டினால் இரண்டு கதவுகள், இல்லையென்றால் ஒன்று என்று சூத்திரம் போட்டுவிட்டுப் பெருமையாக இருந்தேன். பிறகு ஒரு வீட்டில், மேடைக்கும் எதிர்ச்சுவருக்கும் நடுவே ஆள் நிற்குமளவு இடம்தான் இருந்தது. 450 பெட்டிக்கே இரண்டு சிறு கதவுகள் வேண்டும் என்று அந்த அம்மா கேட்டார். கதவைத் திறந்தால் தான் எங்கே போய் நிற்பது என்பது அவருடைய கேள்வி. சூத்திரம் போட்ட அளவுருவைக் கையால் மாற்ற முடியாது. அது சாம்பல் நிறத்தில் உறைந்து நிற்கும். அன்றைக்குத்தான் அளவுகளை இரண்டு குவியலாகப் பிரிக்கத் தொடங்கினேன். வீட்டுக்காரர் தீர்மானிப்பவை ஒரு குவியல்: அகலம், உயரம், ஆழம், கதவுகளின் எண்ணிக்கை, எந்தப் பக்கம் திறக்கவேண்டும், எந்தக் கைப்பிடி. பொருளும் கருவியும் தீர்மானிப்பவை மற்றொரு குவியல்: கனம், இடைவெளி, சானல் நீளம். முதல் குவியலில் சூத்திரம் நுழையக்கூடாது. இரண்டாவதில் மனிதக் கை நுழையக்கூடாது. 64 ஒற்றை இலக்கமானது இந்தப் பிரிவினையால்தான்.

இருந்தும் இரண்டாவது பெட்டி பணத்தைத் தின்றது. கதவின் அகலம் 297 என்று பட்டறைக்குப் போன என் வெட்டுப்பட்டியல் சொன்னது. பட்டறையில் 297க்கே வெட்டினார்கள். அதன்பிறகு நான்கு விளிம்பிலும் பலகையின் ஓரத்தை மூடும் 2 மி.மீ. எட்ஜ் பேண்ட் பட்டை ஒட்டினார்கள். 297 என்பது 301 ஆனது. 600 மி.மீ. பெட்டியின் முகத்தில் இரண்டு கதவுகள் சேர்ந்து 602 மி.மீ. நின்றன. ஒரு வரிசை முழுக்க ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்ற கதவுகளை நான் நேரில் போய்ப் பார்த்தேன். பட்டறைக்காரர்கள் மேல் தவறில்லை. பட்டியலின் தலைப்பில் அகலம் என்று மட்டும் இருந்தது. அது முடிந்த கதவின் அகலமா, வெட்டவேண்டிய பலகையின் அகலமா என்று நான் எங்கும் சொல்லவில்லை. எனக்கு அந்த வேறுபாடு இருப்பதே அதுவரை உறைக்கவில்லை என்பதுதான் உண்மை. இப்போது வெட்டு அளவு, முடிவு அளவு என்று இரண்டு அளவுருக்கள் இருக்கின்றன; 297க்கு எதிரில் 293 என்று தனிப்பத்தியில் அச்சாகிறது.

இதே வேறுபாடு கனத்திலும் ஒளிந்திருந்தது. பட்டறையில் லேமினேட் ஒட்டியே வரும் 18 மி.மீ. பலகை 18தான். ஆசாரி வீட்டில் வைத்துச் செய்யும்போது, 18 மி.மீ. பிளைவுட்டின் வெளிப்பக்கம் 1 மி.மீ. லேமினேட்டும் உட்பக்கம் 0.8 மி.மீ. லேமினேட்டும் ஒட்டுவார், பலகை 19.8 ஆகிவிடும். 600 பெட்டியின் உள்ளகலம் முதல் வகையில் 564, இரண்டாவதில் 560.4. மூன்றரை மில்லிமீட்டர் என்பது கேட்கச் சிறியது, டிராயர் சானலுக்குப் பெரியது. போதாக்குறைக்கு, 18 என்று முத்திரை குத்தி வரும் பிளைவுட்டை அளந்தால் 17.5 காட்டியதும் உண்டு. ஆகவே கனம் என்ற ஒரே எண்ணை நீக்கிவிட்டு, பலகை, உள்முகம், வெளிமுகம் என்று மூன்றைக் கூட்டிவரும் கனமாக மாற்றினேன். அளவுருக்களைக் குறைத்துவந்த நான் கூட்டிய இடம் இது ஒன்றுதான். இந்த மூன்றையும் வேலை தொடங்கும் நாளில் ஒரு முறை நிரப்பினால் போதும். வடிவமைப்பவர் அவற்றைப் பார்க்கவேண்டியதே இல்லை.

மூன்றாவது பெட்டிக்குக் காரணம் கடப்பாக்கல். நம் ஊர் வீடுகளில் பெரும்பாலும் பெட்டி வருவதற்கு முன்பே மேடை வந்துவிடுகிறது. கொத்தனார் கடப்பாக் கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே கிரானைட் பதித்துவிட்டுப் போய்விடுவார். அந்தக் கற்களுக்கு நடுவிலுள்ள அறைகளுக்குள் நாங்கள் பெட்டியை நுழைக்கவேண்டும். எந்த அறையும் சதுரமாக இருக்காது. மேலே 610 என்றால் கீழே 602 இருக்கும். இந்தக் கோணலை அப்படியே ஏற்கும்படி, மேலகலம், கீழகலம், இடதுயரம், வலதுயரம் என்று நான்கு அளவுகள் கொண்ட சாய்ந்த பெட்டியைக் கட்ட ஒரு வாரம் செலவழித்தேன். அதை எங்களுடன் வேலை செய்யும் ஆசாரியிடம் பெருமையாகக் காட்டியபோது அவர் சிரித்துவிட்டார். "கோணல் செவுத்துல இருந்துட்டுப் போகட்டுங்க அம்மிணி, பொட்டி நேரா இருக்கட்டும்" என்றார். அவர் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்து, மூன்றில் சிறியதை எடுத்துக்கொள்கிறார். அதிலும் பக்கத்துக்கு ஒரு நூல், அதாவது சுமார் மூன்று மில்லிமீட்டர், விட்டுவிடுகிறார். மீதியை முகப்பில் ஒரு பட்டியால் மூடுகிறார். கதவும் தட்டும் டிராயரும் செங்கோணத்தை நம்பி ஓடுபவை என்பதால், கோணலைப் பெட்டிக்குள் அனுமதித்தால் அது ஒவ்வொரு உறுப்பிலும் போய் நிற்கும். வெளியே நிறுத்தினால் ஒரு பட்டியோடு போய்விடும். என் சாய்ந்த பெட்டியை அன்றே அழித்துவிட்டு, மூன்று அளவில் சிறியதைத் தேர்ந்தெடுக்கும் ஒரு சூத்திரத்தையும், ஓரப்பட்டி என்ற தனி ஃபேமிலியையும் எழுதினேன்.

அகலத்தை வகைக்கு உரியதாக வைப்பதா, ஒவ்வொரு பெட்டிக்கும் உரியதாக வைப்பதா என்ற பழைய தகராறும் அதோடு தீர்ந்தது. வகைக்கு உரியதாக வைத்தால், 450, 600, 900 என்று பெயரிட்ட வகைகள் உருவாகும். ஓரிடத்தில் 600ஐ மாற்றினால் அந்த வகைப் பெட்டிகள் எல்லாம் மாறும். பட்டறை வேலைக்கு அது பாதுகாப்பு, ஏனென்றால் 597 என்று ஒரு வினோதப் பெட்டி யாருடைய கைத்தவறாலும் பிறக்காது. கடப்பாக்கல் அறைகளிலோ ஒவ்வொரு பெட்டியும் வினோதப் பெட்டிதான். ஒரே கோப்பில் இரண்டையும் செய்ய முயல்வதை விட்டுவிட்டு, ஒரே எலும்புக்கூட்டிலிருந்து இரண்டு கோப்புகளாகப் பிரித்தேன். நகல் வைத்திருப்பது அழகில்லை என்று எங்கள் அலுவலகத்திலேயே ஒருவர் சொல்கிறார். எனக்கும் தெரியும். ஆனால் இரண்டு விதமாக வேலை செய்பவர்களுக்கு ஒரே படிவத்தைக் கொடுப்பது அதைவிட அழகில்லாதது.

எலும்புக்கூட்டையே அசைத்தது எரிவாயு உருளைதான். 14.2 கிலோ எரிவாயு நிரம்பிய உருளையைத் தூக்கி வைக்க எல்லோராலும் முடியாது; தரையிலேயே உருட்டி உள்ளே தள்ளவேண்டும். ஆகவே அந்தப் பெட்டிக்குக் கீழ்ப்பலகை கூடாது, பெட்டிக்கும் தரைக்கும் நடுவிலுள்ள இடத்தை மூடும் பிளிந்த் பட்டையும் கூடாது, பக்கப்பலகைகள் தரைவரை இறங்கவேண்டும், ஒரு பக்கத்தில் குழாய்க்குத் துளை வேண்டும், கதவில் காற்றுப்போக்கும் வேண்டும். ஆம், இல்லை என்ற ஒற்றைக் குறியால் கீழ்ப்பலகையை மறைத்துவிடலாம் என்று முதலில் நினைத்தேன். மறைத்த பலகை படத்தில் தெரியவில்லை, ஆனால் வெட்டுப்பட்டியலின் கணக்கில் இருந்துகொண்டே இருந்தது. கடைசியில் அடி என்ற தளம் தரையிலா, 100 மி.மீ. உயரத்திலா என்பதையே தனிக்கேள்வியாக்கி, உருளைப் பெட்டிக்குத் தனி ஃபேமிலி ஒதுக்கினேன்.

கதவுகளைத் தனி ஃபேமிலியாகக் கட்டிப் பெட்டிக்குள் செருகி, பகிரப்படுவது என்று குறித்துவைத்தால், பட்டியலில் அவை தனியாக எண்ணப்படும். கைப்பிடி, கதவுக்குள் செருகிய இன்னொரு ஃபேமிலி. இடம், வலம் இரண்டுக்கும் இரண்டு கதவு வரைந்து ஒன்றை மறைப்பதைவிட, இடக்கைப் பக்கம் என்றால் விளிம்பிலிருந்து 40, இல்லையென்றால் அகலத்திலிருந்து 40 கழித்தது என்று கைப்பிடியின் இடத்தைச் சூத்திரத்தால் நகர்த்துவது சுத்தமாக இருக்கிறது. முகத்தோற்றத்தில் கதவு திறக்கும் பக்கத்தைக் காட்டும் முறிகோடுகளும் அதே குறியைப் பின்பற்றுகின்றன. 35 மி.மீ. கீல் துளைகளையும், முன்விளிம்பிலிருந்து 37 மி.மீ. உள்ளே 32 மி.மீ. இடைவெளியில் ஓடும் தட்டுத்துளைகளையும் முதல் பெட்டியில் ஒவ்வொன்றாகத் துளைத்திருந்தேன். அவற்றை இப்போது நீக்கிவிட்டேன். துளையிடும் இயந்திரத்துக்கான கோப்பைப் பட்டறை தன் மென்பொருளிலேயே தயாரித்துக்கொள்கிறது. என் துளைகளை யாரும் பார்க்கவில்லை, கணினி மட்டும் மூச்சு வாங்கியது.

மூலைப்பெட்டியை மட்டும் நான் இன்னும் வெல்லவில்லை. இரண்டு வரிசைகள் சந்திக்கும் இடத்தில் எந்த அளவு எதைச் சார்ந்தது என்பதைத் தெளிவாகச் சொல்ல எனக்கே முடியாததால், நான்கு நிலையான அளவுகளில் வரைந்து வைத்து, அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிவிடுகிறேன்.

சென்ற மாதம் ஆசாரி ஒரு கோரிக்கை வைத்தார். வெட்டுப்பட்டியலை அவருக்கு மி.மீ.இல் கொடுத்தால், ஒவ்வொரு எண்ணையும் அவர் பென்சிலால் அங்குலமாகவும் நூலாகவும் மாற்றிப் பலகையின் ஓரத்தில் எழுதிக்கொள்வார். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல், அதாவது 3.175 மி.மீ. அதைப் பட்டியலிலேயே போட்டுத் தரமுடியுமா என்று கேட்டார். நீளத்தை 3.175 மி.மீ.ஆல் வகுத்துக் கீழ்நோக்கி முழுமையாக்கினால் மொத்த நூல், அதை எட்டால் வகுத்தால் அங்குலம், மிச்சம் நூல். 293 என்பது 11 அங்குலம் 4 நூல் என்று வந்தது. அச்செடுத்துக் கொடுத்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முதல் நான்கு வரிகளைத் தன் டேப்பில் வைத்துப் பார்த்தார். "எல்லாமே ஒரு கோடு கொறச்சு வருதுங்களே அம்மிணி. கூட இருந்தா இழைச்சுக்குவேன், கொறஞ்சா நான் எங்க போறது?" என்றார். அலுவலகத்துக்குத் திரும்பி, அந்தச் சூத்திரத்தில் கீழ்நோக்கி என்பதை மேல்நோக்கி என்று மாற்றினேன். இப்போது 11 அங்குலம் 5 நூல் என்று அச்சாகிறது. பட்டறைக்குப் போகும் பட்டியலில் 293தான் இருக்கிறது.